காலி நாற்காலி

"மாப்ளே, கையைக் கொடு. நான் போறதுக்குள்ள தேர்தல் முடிஞ்சுதுன்னா என் கதை கந்தல்!"

காலில் மாவுக்கட்டு, அக்குளில் ஊன்றுகோல். குடியிருப்போர் சங்கத் தலைவர் நான்காம் மாடிக்கு ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுது. அதற்கு ஆள் பிடிக்க வேண்டியவரும் அவரேதான்.

அத்தானுக்கு அடிபட்டதென்று பார்க்க வந்த மச்சினனுக்கே மூச்சு வாங்கியது. "மூணு வருஷமா நீங்கதானே தலைவர்? இந்தப் பதவிப் பித்து எப்பத்தான் தெளியுமோ!"

வந்த நாளிலிருந்து அவனும் பார்க்கிறான். அந்தக் கட்டடத்தில் தலைவர் என்ற சொல்லுக்கு மாடிக்கொரு பொருள். முதல் மாடியில் குழாய் அடைப்பு எடுப்பவர். அதற்கு மேலே மாமியார் மருமகள் சண்டைக்கு நாட்டாமை. அவன் அக்காவுக்கோ, சோறு ஆறிய பிறகு சாப்பிட வருபவர்.

கூட்ட அறை நிரம்பி வழிந்தது. பச்சை உடம்புக்காரி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். காய்ச்சல்காரர் ஒருவர் போர்வைக்குள்ளிருந்து இருமினார்.

தன் நாற்காலியில் உட்கார்ந்த தலைவரின் கண் வரிசை வரிசையாகத் துழாவியது. ஒரே ஒரு நாற்காலி காலி, பல் டாக்டருடையது. தலைவரின் முகம் மலர்ந்தது.

"ஆரம்பிங்க பொருளாளரே! யாருக்காகவும் காத்திருக்க வேணாம்."

அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், பல் டாக்டர்.

"இவர் மட்டும் உள்ளே வந்துட்டா நான் தொலைஞ்சேன். நீ இங்கயே இரு மாப்ளே" என்று முணுமுணுத்துவிட்டு, தலைவர் நொண்டி நொண்டி வெளியே பாய்ந்தார்.

"டாக்டர், கால் உயிர் போகுது. கொஞ்சம் பாருங்க."

"நான் பல் டாக்டருங்க!"

"பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தானே நிக்கிறேன், பாருங்க!"

டாக்டர் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு மிகுந்த அக்கறையோடு படியில் உட்கார வைத்தார். ஊன்றுகோலை வாங்கி, கைக்கெட்டாத தூரத்தில் சுவரில் சாய்த்தார்.

"அப்படியே இருங்க, அசையக் கூடாது" என்றவர், ஒரே எட்டில் உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"டாக்டர்! டாக்டர்!"

உள்ளே எழுந்த கைதட்டலில் அந்தக் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு மச்சினன் ஓடி வந்தான். வாயெல்லாம் பல்.

"அத்தான், ஜெயிச்சுட்டீங்க! பொருளாளர் ஒரு சுத்து பார்த்தாரு, உங்க காலி நாற்காலியைக் காட்டினாரு, அவ்வளவுதான். எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டிட்டாங்க. என்ன செல்வாக்கு உங்களுக்கு!"

தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட போடா... கூட்டத்துல இல்லாதவன் தலையிலதாண்டா இங்க பதவியைக் கட்டுவாங்க!"