சீமை மணி

மதுரநாயகத்துக்குக் காணிக்கை கொடுப்பதைவிட, கொடுப்பதைப் பற்றிப் பேசுவது நன்றாக வரும். அது அவருக்கே தெரியும். ஞாயிறு ஆராதனை முடிந்த நேரம், தேரிக்காட்டுப் பனையேறிகள் சபையின் உபதேசியார் சுவிசேஷமுத்து மாட்டுவண்டியோடு கோயில் வாசலில் வந்து நின்றார். அந்தக் கோயிலின் சபைப் பெரியவரான மதுரநாயகத்துக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது.

“வண்டி கட்டிக்கிட்டே வந்துட்டீராக்கும். அள்ளிக்கிட்டுப் போவவா?”

“அதுக்கில்ல அண்ணாச்சி…”

“சொல்லுதத கேளும் வே. ஏழைச் சபைன்னா எப்பமும் கை நீட்டிக்கிட்டே இருக்கணுமா? உங்க பொம்பளையாளுவ உலை வைக்கையில போதக ஐயருக்குன்னு ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கட்டும். எங்களப் பாரும், சீமையிலேருந்து மணியே வரவழைச்சிருக்கோம்.”

சுவிசேஷமுத்து அண்ணாந்து பார்த்தார்.

“நல்ல மணி. நீங்க சொன்ன மாதிரி ஒரு பிடி எடுத்து வைக்கத்தான் செய்யுதாவ. எங்க ஐயரு சாப்பாடு அதுலதான். மிஞ்சுனத இங்கன கொண்டுவந்து கொடுக்கச் சொல்லி, மிஷன் சங்கத்துலேருந்து கடுதாசி வந்துச்சு. மணி வாங்குனதுல உங்க ஐயருக்கு மூணு மாசமாச் சம்பளம் இல்லையாம்லா. அரிசி மூட்டைய எங்கன இறக்க?”

‘ஐயரைச் சங்கம் பார்த்துக்கொள்ளும், முதலில் மணி வரட்டும்’ என்று கமிட்டியில் பேசியதும் மதுரநாயகம்தான்.

அவர் தோளில் கிடந்த சரிகைத் துண்டை எடுத்துச் சுருட்டி, தலையில் சும்மாடாக வைத்துக்கொண்டார்.

“மூட்டையப் பைய ஏத்தி விடும் வே.”