உதை குறைந்த துப்பாக்கி

"இதுல எது கம்மியா உதைக்கும்?" என்று மேசையில் இருந்த துப்பாக்கிகளைக் காட்டி கோபஸ் மறுபடியும் கேட்டார்.

செஞ்சராய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜாம்பேசி ஆற்றோரக் காட்டில் வெளிநாட்டு வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டியே நரைத்தவன். எது எருமையைச் சாய்க்கும் என்று கேட்பவர்களைத்தான் அவனுக்குத் தெரியும்.

"பெரியவரே, நீங்க கொண்டாந்த ஏழு மில்லிமீட்டர் துப்பாக்கி மானுக்குத்தான் லாயக்கு. எருமை அதைக் கொசுக்கடின்னு நினைச்சுக்கும். த்ரீ செவன்டி ஃபைவ் நல்லா அடிக்கும், நல்லாவே உதைக்கும். நடுவுல இருக்கே, ஒன்பது புள்ளி மூணு, அதை எடுத்துக்குங்க."

"அது உதைக்காதா?"

"உதைக்காத துப்பாக்கியை இன்னும் எவனும் செய்யல. ஆனா தோள் தாங்கும்."

"தோளைப் பத்தி இல்லப்பா..." என்று ஆரம்பித்த கோபஸ், மனைவி வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எல்சபே தன் த்ரீ செவன்டி ஃபைவைத் தோளில் போட்டபடி வந்தாள். "என்ன கிழவா, இன்னும் முடியலையா? என்னைக் கட்டிக்கக்கூட நீ இவ்வளவு யோசிக்கலையே."

"எனக்குப் பயமா இருக்கு எல்சபே. ஊருக்கே திரும்பிடலாம்."

"எருமை வேட்டை நான் சின்ன வயசுலேர்ந்து ஆசைப்பட்டது. பிரிட்டோரியாவுலேர்ந்து இங்க டீ குடிக்கவா வந்தேன்? பயமா இருந்தா நீ ஜீப்புல இரு."

"நீ போனா நானும் வருவேன்."

"வெறுங்கையோட யாரும் புல்லுக்குள்ள வரக் கூடாது. முகாம் சட்டம்" என்றான் செஞ்சராய்.

கோபஸ் வேண்டாவெறுப்பாக ஒன்பது புள்ளி மூன்றைக் கையில் எடுத்தார்.

"குறிப்பலகையில ஒரு குண்டு சுட்டுப் பாருங்க" என்றான் செஞ்சராய்.

"வேணாம். அவசியம் வந்தா பார்த்துக்கலாம்."

"குறி பார்க்க எல்லாரும் ஒரு கண்ணை மூடணும். உங்களுக்கு அந்த வேலையும் மிச்சம்" என்று சிரித்தான் செஞ்சராய்.

சின்ன வயதில் முள்கம்பி கிழித்து இடது கண்ணை இழந்தவர் கோபஸ். இந்த மாதிரிக் கேலிக்கு வழக்கமாக அவர்தான் முதலில் சிரிப்பார். இப்போது முகம் வெளுத்து நின்றார். சரியான கோழை என்று செஞ்சராய் முடிவுகட்டிவிட்டான்.

மறுநாள் காலை எல்சபே சுட்ட குண்டு எருமையின் நெஞ்சுக்குக் கொஞ்சம் பின்தள்ளிப் பட்டது. எருமை சாகவில்லை. ஆளுயரப் புல்லுக்குள் புகுந்துகொண்டது.

"இப்படியே விட்டுட்டுப் போக முடியாது" என்றான் செஞ்சராய். "ஆத்துக்குத் தண்ணி எடுக்க வர்ற பொம்பளைங்களைக் குத்திப் போட்டுடும்."

முன்னால் செஞ்சராய், நடுவில் எல்சபே, கடைசியில் கோபஸ். புல்தாள்களில் ரத்தம் ஈரமாக இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. கோபஸ் மூச்சு வாங்குவது முன்னால் போகிறவனுக்கும் கேட்டது.

எருமை ஒரு சுற்றுச் சுற்றி, தான் வந்த தடத்தின் பக்கவாட்டில் பதுங்கிக் காத்திருந்தது. புல் விலகியது. எல்சபே பதறிப் பின்வாங்கிக் கால் இடறி விழுந்தாள். துப்பாக்கி எங்கேயோ போய்விட்டது.

செஞ்சராய் சட்டென்று திரும்பினான். சுட முடியவில்லை. அவனுக்கும் எருமைக்கும் நடுவில் அவள் எழுந்திருக்கத் தடுமாறிக்கொண்டிருந்தாள்.

"பெரியவரே, சுடுங்க!"

கோபஸ் துப்பாக்கியைத் தோளில் வைத்தார். ஆனால் எருமையைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியைப் பார்த்தார். இந்த நேரத்தில் என்ன பார்வை வேண்டிக்கிடக்கிறது என்று செஞ்சராய்க்கு உயிரே போனது.

பிறகுதான் குறி வைத்துச் சுட்டார். எருமை முட்டி மடிந்து எல்சபேயின் காலடியில் சரிந்தது.

செஞ்சராய்தான் முதலில் போய்க் கையை நீட்டினான். "உங்களைக் கோழைன்னு நினைச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. கோபஸ் அதைப் பிடிக்கவில்லை. கோபம்போல என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எல்சபே, உனக்கு அடி ஒண்ணும் படலையே?"

"ஒரு கீறல்கூட இல்ல" என்று அழுதுகொண்டே சிரித்தாள் அவள். "நீயே பாரேன்."

காலை வெயிலில் கோபஸ் அவள் குரல் வந்த பக்கம் இரண்டு கைகளையும் நீட்டித் துழாவினார்.

"ஒரு துப்பாக்கி உதைச்சாப் போதும், இருக்குற கண்ணும் போயிடும்னு டாக்டர் ஊர்லயே சொல்லிட்டாரு. அதான் சுடறதுக்கு முன்னாடி உன்னை ஒரு தடவை நல்லாப் பார்த்துக்கிட்டேன்."