யூலாலியின் இடது கை

ஸ்பீக்கர்களை மலையாக அடுக்கிய லாரி தெருமுனையில் திரும்பியபோது, யூலாலி ஊட்டிக்கொண்டிருந்த கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள்.

அவளுடைய பாட்டு.

அதுவும் கார்னிவல் செவ்வாய்க்கிழமை, டிரினிடாட் தீவின் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினே தெருவில் இறங்கி ஆடுகிற நேரத்தில்.

வாசலில் போட்ட நாற்காலியில் வெர்னா வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். பொறுமை போய்விட்டது.

"சோறு எங்க நர்ஸம்மா? பராக்குப் பாக்கத்தான் சம்பளமா?"

யூலாலி நர்ஸ் இல்லை. ஒரு காலத்தில் 'லேடி யூலா' பாடினால் இந்தத் தீவே இடுப்பை ஆட்டும். வெர்னா அவளுடைய உயிர்த்தோழி. முதல் மேடையிலிருந்து கடைசி மேடை வரை அவளுக்கு உடுப்பு தைத்துக் கொடுத்தவள். இப்போது பெற்ற மகளின் பேரே வெர்னாவுக்கு ஞாபகத்தில் இல்லை. வந்து போகிறவர்கள் எல்லோரும் நர்ஸ்தான்.

ஊர் மறந்தால் மறந்துவிட்டுப் போகட்டும். ஊருக்கு வருஷா வருஷம் புதுப் பாட்டு வேண்டும், அதைக் குறை சொல்ல முடியாது. வெர்னா மறந்ததைத்தான் யூலாலியால் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு தடவை 'யூலா' என்று கூப்பிட்டுவிட மாட்டாளா என்றுதான், முட்டி வலியோடு தினமும் வேன் பிடித்து வந்து ஊட்டிவிட்டுப் போகிறாள்.

கார்னிவலில் ஊரை ஆடவைக்கும் சோகா பாட்டு அந்தக் காலத்தில் ஆண்களின் ராஜ்யம். இத்தனை டிரம்பெட்டுக்கு மேலே ஒரு பெண்ணின் குரல் நிற்குமா என்று கிண்டலடித்தார்கள்.

அந்தப் பாட்டோடு யூலாலி முதன்முதலாக வெறுங்காலில் மேடையேறினாள். வலது கையில் மைக். இடது கை இடுப்பில்.

மற்றவர்கள் எல்லாம் துண்டைச் சுழற்றிக்கொண்டு மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார்கள். இவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. இடது கையும் கடைசிவரை இடுப்பை விட்டு இறங்கவில்லை. இடுப்பு மட்டும் ஆடியது. எதிரே கூட்டம் பேயாட்டம் ஆடியது.

அந்த வருஷம் தெருவில் அதிகம் ஒலித்த பாட்டுக்கான பட்டம் அவளுக்குத்தான். அடுத்த கார்னிவலில் பார்த்த பெண்களெல்லாம் இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். லண்டனோ டொராண்டோவோ, எங்கே போனாலும் ஜனம் அந்தக் கையைத்தான் கேட்டது. அது பெண்ணின் தன்மானம் என்று ஒரு பத்திரிகை எழுதியது. திமிர் என்றார் ஒரு பாதிரியார். பல்கலைக்கழகத்தில் ஒருவர் அதன் வேரைத் தேடி ஆப்பிரிக்கா வரை போய்வந்தார்.

கேட்டவர்களிடம் யூலாலி சிரித்து மழுப்பினாள். ஊர் வம்பெல்லாம் பேசுகிற வெர்னாவும் இதில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

லாரி வீட்டுக்கு நேராக வந்துவிட்டது. மேலே நின்ற இளம் பாடகி கண்ணுக்கு மேல் கையை வைத்து இந்தப் பக்கம் உற்றுப் பார்த்தாள்.

"ஏய், நிறுத்து நிறுத்து! அங்க யாருன்னு பாருங்க, லேடி யூலா! ஆன்ட்டி, தட்டைக் கீழ வைங்க, மைக்கைப் பிடிங்க!"

இறகும் ஜிகினாவுமாக நின்ற கூட்டத்துக்குள் மைக் கைமாறிக் கைமாறி வந்தது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த வெர்னாவின் மகள் தட்டை வாங்கிக்கொண்டாள்.

யூலாலி செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலை ஒட்டித் தெருவில் இறங்கி நின்றாள். தார் சுட்டது. இடது கை தானாகவே இடுப்புக்குப் போனது.

குரல் பழைய குரல் இல்லை. மேலே போகும்போது உடைந்தது. உடைந்த இடத்தில் கூட்டம் பாடியது. தெரு நெடுக இடது கைகள் இடுப்பில் ஏறின. அந்தப் பாட்டு வந்தபோது பிறக்காத பிள்ளைகளும் அப்படியே நின்றார்கள்.

யூலாலி அவர்களைப் பார்க்கவில்லை. 'பாருடி, ஒரு தடவை என்னைப் பாருடி' என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே வெர்னாவின் முகத்தைப் பார்த்துப் பாடினாள்.

வெர்னா சோற்றுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுகை முட்டியது. அதை வெர்னா பார்க்க வேண்டாம் என்று யூலாலி கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருஷமும் மேடையின் ஓரத்திலிருந்து வெர்னா பார்த்ததெல்லாம் அந்த முதுகைத்தான்.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

ஒரு கை வந்து, இடுப்பில் இருந்த யூலாலியின் கைக்குப் பக்கத்தில், பாவாடைப் பட்டியைக் கொத்தாகப் பிடித்தது.

"பயப்படாதடி யூலா," என்று காதோரமாக வெர்னா கிசுகிசுத்தாள். "கொக்கி தைக்கிறதுக்குள்ள உன்ன மேடைக்குக் கூப்ட்டுட்டானுங்க, நான் என்னடி பண்ணட்டும்? வெளிய சொல்லிராத, எவளும் எங்கிட்டத் துணி குடுக்க மாட்டா. பாவாடைய நான் பிடிச்சுக்கறேன். நீ கைய எடுத்துட்டு நல்லா ஆடு."

யூலாலி அன்று போட்டிருந்தது எலாஸ்டிக் வைத்த பாவாடை.

அதை அவள் சொல்லவில்லை. கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பாட்டுக்கு இடது கையை இடுப்பிலிருந்து எடுத்து, தலைக்கு மேல் உயர்த்தி ஆட்டினாள்.

லேடி யூலா புது ஸ்டைல் காட்டுகிறாள் என்று தெருவே இடது கையைத் தூக்கியது.