இருபத்திரண்டு பேர்

காஷானிலிருந்து கர்பலா யாத்திரைக்கு இருபத்திரண்டு பேர் புறப்பட்டோம். மாலைதோறும் தலைகளை எண்ணிப் பயணக் குறிப்பில் எழுதுவது என் வேலை.

எல்லைச் சத்திரத்தில் நஸ்ருல்லா காய்ச்சலில் விழுந்தான். "நீங்க கிளம்புங்கண்ணே. என் தண்ணிக் கூஜாவ மட்டும் பக்கத்துல வச்சிட்டுப் போங்க" என்றான். அவசரத்தில் அது, நிறைந்த தண்ணீரோடு, என் கோவேறு கழுதை மேலேயே வந்துவிட்டது. பாதி வழியில்தான் பார்த்தேன். திரும்பிப் போகவில்லை.

கர்பலாவில், முன்னொரு நாள் அந்தக் களத்தில் தண்ணீர் மறுக்கப்பட்டுத் தாகத்தோடு மாண்டவர்களுக்காக எல்லோரையும்விட உரக்க அழுதவன் நான்தான்.

ஊர் திரும்பியதும் வழக்கம்போல அக்கம்பக்கத்தார் கூடினார்கள். குறிப்பை வாசித்தேன். சத்திரத்துக்குப் பிறகும் ஒவ்வொரு பக்கத்திலும் இருபத்திரண்டு பேர் என்றே இருந்தது. என் கையெழுத்துதான்.

"அப்ப அவரும் கர்பலா பார்த்துட்டாரு!" நஸ்ருல்லாவின் மனைவி கோலந்தாமின் முகம் மலர்ந்தது. "சத்திரத்துலயே கண்ண மூடிட்டாருன்னு சொன்னீங்களே, மீர்சாண்ணே?"

வழியெல்லாம் மூடியைத் திறக்கவே துணியாத அந்தக் கூஜாவைத் தலை குனிந்து அவளிடம் நீட்டினேன்.

அவள் திறந்து கவிழ்த்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. கூஜாவின் வாய் மட்டும் ஈரமாக இருந்தது.

"குடிச்சிருக்காரு" என்றாள், விரலைத் துடைத்துக்கொண்டே. "தாகத்தோட விடாமப் பார்த்துக்கிட்டீங்களேண்ணே. நீங்க நல்லா இருக்கணும்."