தெய்வாத்தாளின் ரத்தம்

நகரத்தில் இருப்பவர்களின் உடல் சீக்கிரம் மூப்படைகிறதா, கிராமத்தில் இருப்பவர்களின் உடலா என்று ஆராயும் கோவை மாணவி லோகப்பிரியா, சத்தியமங்கலம் பக்கத்து மஞ்சள் தோட்டத்துக்கு மறுபடியும் வந்தாள்.

"போன மாசந்தான ரத்தம் எடுத்தீங்க அம்மணி?" என்றாள் கூலி வேலை செய்யும் தெய்வாத்தாள்.

"உங்களுக்கு வயசு நாப்பத்தாறுங்க்கா. ரத்தத்துல இருக்கற சேதத்தைப் பாத்தா எழுபதுன்னு காட்டுதுங்க. கோயமுத்தூர்ல கணபதிப் பக்கம் பட்டறைப் புகையில இருக்கறவங்களுக்குக்கூட இவ்வளவு இல்லீங்க. கிராமத்துல இப்படி வராது, வேற யாரோட ரத்தமோ மாறி வந்துருச்சு, லிஸ்ட்ல இருந்து அந்தப் பேரை எடுத்துப்போடுன்னு எங்க புரொபசர் சொல்லிட்டாருங்க. எனக்குத்தான் மனசு கேக்கலை."

தெய்வாத்தாள் கையை நீட்டினாள்.

"எத்தனை தடவை வேணும்னாலும் எடுங்க. மாறலீங்க அம்மணி. இருவது வருசமா இங்க பூச்சி மருந்து அடிக்கறேன். மூக்கை மூட ஒரு துணிகூடக் குடுத்ததில்லை. என்ற பேரை எடுக்க உடமாட்டேன்."

லோகப்பிரியா நோட்டைத் திறந்தாள். "தோட்டம் யாருதுங்க்கா?"

"கோயமுத்தூர்ல காலேஜ் வாத்தியாருங்க. பேரு கிருபாசங்கர்."

லோகப்பிரியாவின் பேனா நின்றது. பிறகு, தன் புரொபசரின் பெயரைத் தோட்ட உரிமையாளர் என்ற இடத்தில் நிதானமாக எழுதினாள்.