இரண்டு செங்கமலம்

"அண்டா வாசலைத் தாண்டக் கூடாது. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தாத்தான் இலை போடணும்."

"வந்தாத்தானேடி உட்காருவாங்க? சாம்பாரை டிராக்டர்ல ஏத்துங்கப்பா."

இரண்டுமே செங்கமலத்தின் குரல்தான். இரண்டாவது அவள் தொண்டையிலிருந்து வந்தது. முதலாவது, சமையல்கட்டுச் சுவரில் மாட்டியிருந்த, தானே யோசித்துப் பேசும் பெட்டியிலிருந்து. முப்பது வருஷம் பந்தி நடத்திய தன் அதட்டலையெல்லாம் அதற்குள் ஏற்றிவிட்டு, முட்டிவலியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் இன்றைக்குத்தான் எழுந்திருந்தாள்.

தரைப்பாலத்தில் வெள்ளம். மாப்பிள்ளை வீட்டு பஸ் அக்கரையில் நின்றுவிட்டது. டிராக்டர் அனுப்புகிறோம் என்று போனில் சொன்னதற்கு, "நாங்க என்ன நெல்மூட்டையா?" என்று சம்பந்தி சீறினார். பசியோடு திரும்பிப் போகப்போவதாகவும் சொல்லிவிட்டார். போனால் கல்யாணம் நின்றதுதான்.

சமையல்காரர் ராயப்பன் கரண்டியோடு விழித்தார். "எந்த அக்கா சொல்றதைக் கேக்க?"

"மூச்சு விடறவ சொல்றதை."

"பெட்டி அக்கா பேச்சு மாத்தாதுங்களே..."

"முப்பது வருஷத்துல ஒருதரமாவது இப்படிச் செஞ்சிருக்கியா?" என்றது பெட்டி.

"முப்பது வருஷத்துல இப்படி ஒரு மழை பெஞ்சிருக்கா? வயிறு நிறையட்டும், அப்புறம் டிராக்டர் என்ன, குப்பை வண்டியில கூட ஏறுவாங்க."

யாரும் அசையவில்லை. செங்கமலம் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அண்டாவின் ஒரு காதைத் தூக்கினாள். பதறிப்போன ராயப்பன் மறு காதைப் பிடித்தார். அதன்பின் எல்லாக் கைகளும் வந்தன.

டிராக்டர் உறுமிக் கிளம்பும் நேரம், பெட்டியின் குரல் தணிந்து வந்தது.

"செங்கமலம், அவங்க வந்துட்டா, இது நான் சொன்ன யோசனைன்னு வெச்சுக்கலாமா?"