படத்துக்குக் கீழே நாலு வரி

"இது நம்ம வீட்டு அடுப்படிதானே கண்ணு?"

தையல்நாயகி அம்மாள் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

கையைப் பிடித்துக் கூட்டி வந்த அவளும் நின்றாள்.

அம்மாள் அவள் குடியிருக்கும் வீட்டுக்காரம்மாள். கண் டாக்டர் விட்ட சொட்டு மருந்தில் கிட்டத்து எழுத்தெல்லாம் அவருக்குக் கலங்கித் தெரிகிறது. அதற்காகத் தன் வீட்டு அடுப்படியின் பச்சை டைல்ஸ் கூடவா தெரியாமல் போகும்?

சுவர் அளவுக்குப் படம்.

படத்தில் இருப்பது அவள்தான். பக்கத்தில் மகள் இலக்கியா. தரையில் கவிழ்த்த முறம். முறத்தின் மேல் வாழையிலை. இலையில் சோறும் முருங்கைக்கீரையும்.

ஆடியில் ஒருநாள், கதவைச் சாத்திக்கொண்டு, செத்துப்போனவர்களுக்குப் படைக்கிற சோறு அது. கறி, மீன் ஒன்றும் கிடையாது. மணியடிப்பதுகூடக் கிடையாது. அவர்கள் ஆட்களில் பெண்கள் மட்டும் செய்வது. வெளியாள் கண்ணில் படக் கூடாது என்பார்கள்.

அந்தக் கதவைத்தான் வசுமதிக்குத் திறந்துவிட்டாள்.

வசுமதி வெளியாளா என்ன? ஹாஸ்டலில் ஒரே தட்டில் சாப்பிட்டவள். இந்தச் சென்னையில் தன்னை யார், என்ன என்று தெரிந்த ஒரே ஆள். வசுமதியோடு இருக்கும்போது மட்டும்தான், எதையாவது உளறிவிடுவோமோ என்ற பயம் இல்லாமல் வாய்விட்டுப் பேச முடியும்.

காஷ்மீரில் படகோட்டி, கட்ச்சில் ஒட்டகம் மேய்ப்பவர், நாகாலாந்தில் சந்தைக்காரி என்று நாடு முழுக்கச் சுற்றிச் சனங்களைப் படமெடுக்கிறவள் வசுமதி. அலைந்து களைத்து வந்தவளை இரண்டு நாள் வீட்டில் வைத்துச் சோறு போட்டாள். தோசை வார்ப்பதை எடுத்தாள் வசுமதி. மகளுக்குத் தலை பின்னுவதை எடுத்தாள். எடுத்துக்கோ போ என்று விட்டுவிட்டாள்.

முறத்தைக் கவிழ்த்தபோதும் வசுமதி கேமராவைத் தூக்கினாள்.

"வேண்டாம் வசு."

"எனக்காகத்தான்டி. வெளிய காட்ட மாட்டேன், சத்தியமா."

நம்பினாள்.

போன வாரம் வசுமதி போன் செய்தாள். கண்காட்சியில் உன் படமும் இருக்கு, கட்டாயம் வந்து பாரு என்றாள். தோசைப் படமாக இருக்கும் என்று இவள் எண்ணிக்கொண்டாள். அத்தனை சந்தோஷம் அவளுக்கு. கண் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், "என் சிநேகிதி எடுத்ததும்மா, ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாம்" என்று எழும்பூரில் இந்தப் பழைய கட்டடத்துக்கு அம்மாளைக் கூட்டி வந்ததே அவள்தான்.

படத்துக்குக் கீழே நாலு வரி.

அவள் பெயர். மகள் பெயர். ஊர்.

அப்புறம் அவர்கள் இன்ன சாதி என்று.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருத்தி எழுதியதே போதும்.

வீடு தேடி அலைந்தபோது எல்லா வாசலிலும் அதைத்தான் கேட்டார்கள். நீங்க என்ன ஆளுங்க? அவளும் உள்ளதைச் சொன்னாள். சொன்ன இடத்திலெல்லாம், அடடா, இப்பத்தான் வேற ஒருத்தருக்குப் பேசி முடிச்சோம் என்றார்கள். நாயகியம்மாளிடம் மட்டும் வேறொன்றைச் சொன்னாள்.

வீடு கிடைத்தது. வீடு மட்டுமா? இலக்கியாவுக்குச் சளி பிடித்தால் கீழேயிருந்து கஷாயம் ஏறி வரும். மாடியில இருக்கிறது நான் பெறாத பொண்ணு என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார் அம்மாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு குளிரும். கூடவே சொன்ன பொய்யும் நினைவுக்கு வரும்.

ஹாலின் கோடியில் வசுமதி நின்றிருந்தாள். சுற்றிலும் பெரிய மனிதர்கள். அவளைப் பார்த்ததும் அங்கிருந்தே கையாட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

அடிப் பாவி.

மறைத்துச் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வந்து பார், பெருமைப்படு என்று கூப்பிட்டல்லவா காட்டுகிறாள். நாட்டின் ஆயிரம் முகங்களில் இதுவும் ஒரு முகமாம். அந்த முகத்துக்கு நாளைக்கும் குடியிருக்க ஒரு வீடு வேண்டும் என்பது மட்டும் வசுமதிக்குத் தோன்றவில்லை.

நாயகியம்மாளுக்கோ பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார்.

"என் வீடுங்க. என் வீட்டு அடுப்படி. இது என் பொண்ணு மாதிரி."

நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"கீழ என்னமோ போட்டிருக்கே. படி கண்ணு."

அவள் குனியவில்லை.

கூட்டத்தில் ஒரு கல்லூரிப் பெண் குனிந்தாள். "நான் படிக்கவா பாட்டி?"

"வேண்டாம்மா. நானே படிக்கிறேன்," என்று அவள் முந்திக்கொண்டாள்.

மாற்றிப் படிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். பொய் தயாராகவே இருந்தது. எத்தனை வருஷம் பழகிய பொய். ஆனால் அந்தப் பெண் அதற்குள் கண்ணாலேயே படித்து முடித்துவிட்டாள். நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தாள். இனி இது எப்படியும் அம்மாள் காதுக்குப் போகும். யார் வாயிலிருந்தோ போவதற்கு, தன் வாயிலிருந்தே போகட்டும்.

படித்தாள்.

தன் பெயர். மகள் பெயர். ஊர்.

அப்புறம் அதையும்.

குரல் உடையவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அம்மாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் தன் அடுப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவளுக்குத் தெரிந்தது. கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடுத்த படத்துக்கு நகர்ந்தார்கள்.

பிறகு அம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கையை நீட்டித் துழாவித் தூணைப் பிடித்தார்.

"படிக்கட்டு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு. நானே போய்க்கிறேன்."

"இடது பக்கம்மா," என்றாள். "கடைசிப் படி கொஞ்சம் உயரம். பாத்து."